இத்தீன் மலைச் சேற்றில் பெண் பார்த்த கதை

“…மாமாகிட்ட கேக்கல. உங்ககிட்டதான் கேக்கேன்” என்றாள் என் கொழுந்தியாள். அவளுடைய ஒரு கையில் செருப்பு இருந்தது, இன்னொரு கையில் அவளுடைய அப்பா இருந்தார். அப்பா கைபேசிக்குள் இருந்தார். எங்களைச் சுற்றி மூடுபனி, காலுக்குக் கீழே சேறு. சலாலா நகரம் பனிக்குப் பின்னால் எங்கோ கிடந்தது. வெயில் அடிக்கிற நாளாக இருந்தால் நாங்கள் நின்ற இடத்திலிருந்து என் வீட்டு மொட்டை மாடியின் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியும்.

இப்படி ஓர் இடத்தில் நின்று பெண் பார்க்க வேண்டிய நிலைமை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வளைகுடா முழுக்க ஆடி மாதத்தில் ரோட்டில் முட்டை பொரிக்கலாம் என்பார்கள். ஓமனில் இருக்கிற எங்கள் சலாலாவில் மட்டும் அப்போது தூறும். கடலிலிருந்து மேகம் எழுந்து வந்து நகரத்துக்குப் பின்னால் இருக்கும் மலையில் முட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடும். அரபிகள் இதைக் கரீஃப் என்கிறார்கள். மொட்டையாகக் கிடந்த மலை ஒரு மாதத்துக்குள் பச்சையாகிவிடும். பார்சல் டீ வாங்கிக்கொண்டு கடைவீதியிலிருந்து கிளம்பினால், டீ ஆறுவதற்குள் இத்தீன் மலை அடிவாரத்துக்குப் போய்விடலாம்.

பச்சை வந்தவுடன் எங்களுக்குச் சொந்தக்காரர்களும் முளைப்பார்கள். மற்ற மாதங்களில் ஒரு குட்மார்னிங் மெசேஜுக்குக்கூடப் பதில் போடாதவர்கள், “என்ன மச்சான், மறந்துட்டீங்களா எங்களை?” என்று துபாயிலிருந்து கேட்பார்கள். அப்படிக் கேட்டால், வண்டி கிளம்பிவிட்டது என்று அர்த்தம். பாலைவனத்தின் குறுக்கே பகல் முழுக்க ஓட்டி வந்து, மலையில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தபடியே தூறலைப் பார்ப்பார்கள். ஊரில் இதே தூறலுக்கு, “சனியன் புடிச்ச மழ, துணி காயமாட்டேங்கு” என்று திட்டியவர்கள்தான். என் கம்பெனிக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் மலையாளி இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்: “நாட்டில சும்மா கிட்டுன மழையாணு. இவிட பெட்ரோல் அடிச்சு வந்து காணணும்.”

நானும் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிற யோக்கியதை உள்ளவன் இல்லை. இங்கே வருவதற்கு முன்னால் துபாய் சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். அங்கே எங்கள் ரூமில் ஒரு திருவாரூர்க்காரர் இருந்தார். தண்ணீர் லாரி கசிந்து ரோடு நனைந்தால் ஓடிப்போய் அதன் பக்கத்தில் நிற்பார். “மண்ணு வாசன வருதான்னு பாக்கறேன். டீசல் வாசனதான் வருது. அதுவும் ஒரு வாசனதான், போ” என்பார். ஒன்றுமே கிடைக்காத இடத்தில் இருந்து வருகிறவன் சேற்றையும் கும்பிடுவான். அதனால் வருகிறவர்களை நான் ஓரளவுக்குத்தான் கேலி செய்வேன். இந்தக் கதையில் வருகிற மாமாவை மட்டும் முழுசாகவே செய்வேன்.

என் மனைவியும் அவளுடைய சித்தி மகளும் இங்கே ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேருக்கும் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். அந்தச் சித்தி மகள்தான் என் கொழுந்தியாள், எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். இந்த வேலைக்கான பரீட்சையில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டு, விடாமல் உட்கார்ந்து படித்துத் தேறியவள். ரிசல்ட் வந்த அன்றைக்கு அவள் அழுதாள். “இவ அழுததுல பாதி மூக்கு, பாதி கண்ணு” என்றாள் என் மனைவி.

அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் துபாயில் ஒரு பேங்க்கில் வேலை. பிறந்தது மட்டும் ஊரில், வளர்ந்தது எல்லாம் துபாயில். பையன், அவனுடைய அம்மா, அம்மாவின் தம்பியான அந்த மாமா என்று மூன்று பேர் புது ஃபோர் வீல் வண்டியில் வருகிறார்கள், கரீஃப் பார்த்த மாதிரியும் ஆச்சு, பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று தகவல் வந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரே பெட்ரோலில் இரண்டு வேலை முடிந்தால்தான் தூக்கம் வரும்.

வந்த அன்று சாயந்தரம் எங்கள் வீட்டு ஹாலில் முறைப்படி எல்லாம் நடந்தது. சமோசா, கேசரி, டீ. தூத்துக்குடியில் இருக்கும் பெண்ணின் அப்பாவை வீடியோ காலில் பிடித்து, சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தோம். அவருக்குப் பின்னால் ஜன்னல் வழியாக நாலைந்து தலைகள் தெரிந்தன. அந்தத் தெருவுக்கே அன்றைக்கு வேறு வேலை இல்லை போல.

பையன் லட்சணமாக இருந்தான். நல்ல உயரம், சத்தமே வராத சிரிப்பு. பேச்சு முழுக்க மாமாவுடையது. நாற்பது வார்த்தைக்கு ஒரு முறை “அது மேட்டரே இல்ல” என்று சொல்வார். சம்பளம் எப்படி என்று பெண்ணின் அப்பா கேட்டார். “அது மேட்டரே இல்ல.” தலைவலிக்கிறது என்று அவருடைய அக்கா சொன்னார்கள். “அது மேட்டரே இல்லக்கா.”

கொழுந்தியாள் டீ கொடுத்துவிட்டு, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பையனைப் பார்த்துக் கேட்டாள்: “கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போறதப் பத்தி நீங்க என்ன நெனைக்கிய?”

பையன் மாமாவைப் பார்த்தான்.

“போகலாம்மா, போகாமயும் இருக்கலாம். துபாய் வந்தப்புறம் பாத்துக்கலாம். அது மேட்டரே இல்ல” என்றார் மாமா.

“எந்தம்பி ஒண்ணு சொன்னா எம்புள்ள மீறவே மாட்டான்” என்றார்கள் பையனின் அம்மா. பெருமையாகத்தான் சொன்னார்கள்.

அவர்கள் ஹோட்டலுக்குப் போனதும் கொழுந்தியாள் சமையலறையில் டம்ளர்களைக் கழுவினாள். கழுவிய டம்ளரையே திரும்பவும் கழுவினாள். “அத்தான், வேலைக்குப் போகக்கூடாதுன்னு அவர் சொன்னாக்கூடப் பரவால்ல. நான் சண்ட போடுவேன், அழுவேன், பேசிச் சரிக்கட்டப் பாப்பேன். அவர் வாய் தொறந்து சொல்லணும்லா? நாளைக்கி எனக்கு ஒடம்பு முடியலன்னாலும் மாமாகிட்ட போய்த்தான் கேப்பாரா, இவளுக்கு மருந்து வாங்கட்டுமான்னு?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் இருட்டுவதற்குள் சரியா, இல்லையா என்று அவள் சொல்லியாக வேண்டும். அவர்கள் அதற்கடுத்த நாள் காலையில் கிளம்புகிறார்கள். அவளுடைய அப்பாவுக்கோ ஞாயிற்றுக்கிழமைக் கவலை. மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு வாசிப்பதை எங்கள் பக்கம் ஓலை வாசிப்பது என்போம். “நீ சரின்னு சொன்னா வார ஞாயித்துக்கெழமயே ஓலைக்குக் குடுத்துருவேன்” என்று ஃபோனில் தவித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. மகள் கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறதே என்று ஊர் அவரைத் தினமும் விசாரித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் மலைக்குப் போகலாம் என்றது மாமாதான். “பிள்ளைங்க தனியா நடந்து பேசட்டும். நாம டீசன்ட்டா தள்ளி நிப்போம் பிரதர்” என்றார். என்னை அவர் பிரதர் என்பார். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவரை விட நான் நாலு வயது மூத்தவன் என்பது வேறு விஷயம்.

இத்தீன் மேலே எல்லாரும் ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி, பாய் விரித்து, சோளம் சுட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். நானும் என் பழைய வண்டியை அங்கேயே நிறுத்தினேன். மாமா நிறுத்தவில்லை. கண்ணாடியை இறக்கி, “ரோட்டுல நிக்கதுக்கா ஃபோர் வீல் வாங்குனேன்?” என்றார். பிறகு இறங்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, நான்கு டயரிலும் காற்றை இறக்க ஆரம்பித்தார்.

துபாய்க்காரர்களுக்கு இது கை தானாகச் செய்கிற வேலை. பாலைவனத்தில் காற்றைக் குறைத்தால் டயர் பரந்து மணலில் மிதக்கும். வெள்ளிக்கிழமை தோறும் மணல்மேட்டில் வண்டியை ஏற்றி இறக்கி, அதை வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள்.

“அண்ணாச்சி, இது மணல் இல்ல. களிமண்ணு.”

“பிரதர், டெஸர்ட்டுல பொரண்டு வளந்தவன் நான். இதெல்லாம் ஒரு மேட்டரே இல்ல.”

புல்லுக்குள் வண்டியை விட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் கல்யாண மண்டப வாசலில் விரிக்கிற பச்சைப் பாய் மாதிரி இருக்கும் இடம். அதற்கு அடியில் ஒரு மாதத்து மழை அப்படியே நின்றுகொண்டிருக்கிறது. வண்டி கொஞ்ச தூரம் போனது. பிறகு போகிற மாதிரி சத்தம் மட்டும் வந்தது. மாமா மணலில் மிதிக்கிற மாதிரியே மிதித்தார். பின் சக்கரம் சேற்றை அள்ளி, பின்னாலேயே போய்க்கொண்டிருந்த என் சட்டையில் அடித்தது. அதற்கப்புறம் வண்டி சௌகரியமாக வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டது.

இடுப்பில் துணி சுற்றி, கையில் கம்போடு ஒரு மலைவாசிப் பெரியவர் பனிக்குள்ளிருந்து வந்தார். அவருடைய மாடுகள் கொஞ்சம் தள்ளி மேய்ந்துகொண்டிருந்தன. ஒட்டகங்கள் இல்லை. இந்தச் சேற்றில் வழுக்கி விழும், கொசு வேறு பிடுங்கும் என்று கரீஃப் காலத்தில் அவற்றைக் கீழே சமவெளிக்கு ஓட்டிவிடுவார்கள். ஒட்டகமே பயந்து இறங்குகிற நேரம் பார்த்துத்தான் துபாய்க்காரர்கள் மேலே ஏறுகிறார்கள்.

பெரியவர் வண்டியைப் பார்க்கவில்லை. அது உழுதுவிட்டு வந்த புல்லைப் பார்த்தார். “பாய், யே காஸ் காய் கே வாஸ்தே. காடி கே வாஸ்தே மாஃபி” என்றார், உருதுவும் அரபியும் கலந்து. இந்தப் புல் மாட்டுக்கு, வண்டிக்கு இல்லை என்று அர்த்தம். மாமா அவருக்கும் ஒரு “நோ ப்ராப்ளம் பாய்” சொன்னார். புல்லுக்குச் சொந்தக்காரர் சொல்ல வேண்டியதை டயருக்குச் சொந்தக்காரர் சொன்னார். பெரியவர் தொழுகை முடித்து பிக்கப்பும் கயிறும் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதுவரை நடந்துவிட்டு வரலாம் என்று முடிவானது. பையனின் அம்மா பட்டுச் சேலையில் வந்திருந்தார்கள். “ஏசுவே, இந்தச் சகதியில நா எறங்க மாட்டேன்” என்று வண்டியிலேயே இருந்துவிட்டார்கள். துணைக்கு என் மனைவி ஏறிக்கொண்டாள். ஏறும்போது தங்கையைப் பார்த்து ஒரு தலையசைப்பு. கேட்டுவிடு என்று அதற்கு அர்த்தம்.

தனியாக நடந்து பேச வேண்டிய இரண்டு பேரோடு மாமாவும் வந்தார். டீசன்ட்டாகத் தள்ளி நிற்கலாம் என்று சொன்னவர் தான்தான் என்பதை அவர் மறந்துவிட்டார். சரி, நீ மட்டும் ஏன் போனாய் என்று கேட்பீர்கள். பெண்ணின் அப்பா கைபேசியில் கூடவே வந்துகொண்டிருந்தார். அவருக்கு மலைமேல் சிக்னல் பிடித்துக் கொடுக்கிற பொறுப்பு என்னுடையது.

பையனும் மாமாவும் வெள்ளை ஷூ போட்டிருந்தார்கள். கொழுந்தியாள் நாலு அடி வைத்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். தூறல் வலுத்தது. பையன் குடையை விரித்தான். நல்ல பெரிய குடை. அதை மாமாவின் தலைக்கு மேலே பிடித்தான். நான் கொழுந்தியாளைப் பார்த்தேன். அவள் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு மழ புடிக்குமா?” என்றாள் அவள். பெரிய கேள்விக்கு முன்னால் சின்னதாக ஒன்றைக் கேட்டுப் பார்த்தாள் போல.

“ம்…” என்று பையன் பக்கவாட்டில் திரும்பினான்.

“புடிக்கும், புடிக்கும். ஆனா அவனுக்குச் சளி புடிச்சிரும்” என்றார் மாமா.

“டீயா, காப்பியா?”

“கிரீன் டீம்மா. சுகர் போட மாட்டான்.”

“மாப்ள என்ன சொல்லுதாரு?” என்று கைபேசிக்குள்ளிருந்து அப்பா கத்தினார். கடலில் படகோடு படகு பேசிய தொண்டை அது. மாடுகள்கூட நிமிர்ந்து பார்த்தன.

“கிரீன் டீ குடிப்பாராம்” என்றேன் நான்.

“என்ன எழவு டீ அது? சரி, இருக்கட்டும் மருமவனே. ஏ பிள்ள, மலையக் காட்டாத. மல எங்கயும் ஓடிராது. மாப்ளையக் காட்டு!”

அவர் பேரில் தப்பில்லை. கைபேசி அவள் கையில் இருந்தது, வழுக்கும்போதெல்லாம் அவருடைய திரை வானத்துக்கும் மாட்டுக்கும் போய் வந்தது. நல்ல பச்சைச் சரிவு ஒன்று வந்தபோது அவளே கொஞ்சம் வேண்டுமென்று அதைக் காட்டினாள். “மலையக் காட்டாதம்மா!” என்று உடனே சத்தம் வந்தது. பிறகு சிக்னல் போய், வாய் திறந்தபடி அவர் அப்படியே உறைந்து நின்றார். மலையில் கொஞ்ச நேரம் அமைதி.

சரிவுக்கு நடுவே ஊற்றுத் தண்ணீர் கசிகிற ஒரு பள்ளம் இருந்தது. நான் கல் கிடந்த பக்கமாகச் சுற்றினேன். கொழுந்தியாளும் என் பின்னால் வந்தாள். மாமா நேராக நடந்தார்.

முதல் காலை வைத்தார். அது போனது. அதை எடுக்க இரண்டாவது காலை ஊன்றினார். அதுவும் போனது. கணுக்காலைத் தாண்டி, ஆடுசதையில் பாதி வரை சேறு ஏறியது. ஆழம் ஒன்றும் ஆபத்தில்லை. ஆனால் அந்தக் களிக்கு ஒரு குணம், பிடித்ததை விடாது. அவர் பலமாக ஒரு காலை இழுத்தார். கால் வந்தது. ஷூ வரவில்லை. வெள்ளை சாக்ஸோடு ஒரு காலை மடக்கி, கொக்கு மாதிரி நின்றார். பையன் ஓடிவந்து தோளைக் கொடுத்தான். குடை கவிழ்ந்து, சரிவில் தானாக உருண்டு போயிற்று.

“மாமா, ஆர் யூ ஓகே?” என்றான் பையன். அவனுடைய குரலை நான் முழுசாகக் கேட்டது அப்போதுதான். நல்ல குரல்.

“மேட்டரே இல்லடா” என்றார் மாமா. மூச்சு வாங்கியது.

நான் குனிந்து ஷூவைத் தோண்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியின் மேட்டர் என் கைக்குள் வந்து வந்து வழுக்கியது. சிரிப்பு வந்துவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். கொழுந்தியாளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாமா மூச்சு வாங்குகிற அந்த இடைவெளிதான் அவளுக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம். அவள் பள்ளத்தின் ஓரத்துக்கு வந்து நின்றாள்.

“ஒண்ணு கேக்கணும். நேத்தே கேட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போறதுல உங்களுக்கு இஷ்டமா, இல்லையா? இல்லன்னாலும் சொல்லுங்க. நான் கோவப்பட மாட்டேன்.”

பையன் அவளைப் பார்த்தான். உண்மையைச் சொல்ல வேண்டும், ஒரு நொடி அவன் வாய் திறந்தது. ஏதோ வரப்போகிறது என்று நானும் ஷூவை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

“அதாம்மா நேத்தே சொன்னேனே…” என்று ஒற்றைக் காலில் நின்றபடி மாமா ஆரம்பித்தார்.

“நீங்க சொன்னிய. சரி, நல்லாச் சொன்னிய” என்றவள், பையனிடமே திரும்பினாள். “நான் மாமாகிட்ட கேக்கல. உங்ககிட்டதான் கேக்கேன்.”

சிக்னல் திரும்பி வந்தது. “என்ன கேக்கா? என்ன சொல்லுதாரு?” என்று கைபேசியிலிருந்து அப்பாவின் குரல்.

பையன் என்னைப் பார்த்தான். பனியைப் பார்த்தான். தூரத்தில் மாட்டைப் பார்த்தான். கடைசியில், தன் தோளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தான்.

“மாமா, நீங்களே சொல்லிருங்க மாமா” என்றான்.

அவன் முகத்தில் எந்தத் திருட்டுத்தனமும் இல்லை. குடும்பத்தில் எல்லாரும் ‘நல்ல பிள்ளை, மீறாத பிள்ளை’ என்று தட்டிக்கொடுத்து வளர்த்த முகம். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. தட்டிக்கொடுத்த கைகளின் மேல்தான் வந்தது. மாமாவோ, ஷூ போன வருத்தத்தையும் மறந்து, தொண்டையைச் செருமினார். அவருக்குப் பதில் தயாராக இருந்தது.

கொழுந்தியாள் அந்தப் பதிலுக்காக நிற்கவில்லை. கையில் இருந்த கைபேசியைத் திருப்பினாள். அன்று காலையிலிருந்து அவள் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிக் காட்டிக்கொண்டிருந்த கேமராவை ஒரு விரலால் தட்டி மாற்றி, மலையின் பக்கம் நீட்டினாள்.

“அப்பா, மாப்ளையப் பாத்தாச்சு. எனக்கு வேண்டாம். ஓலைக்குக் குடுத்துராதிய” என்றாள். “இப்ப மலையப் பாருங்க.”

சொல்லிவிட்டு, செருப்பு ஒரு கையிலும் அப்பா ஒரு கையிலுமாக, வெறுங்காலோடு சரிவில் மேலே ஏறத் தொடங்கினாள்.